பொதுப் பூங்காவுக்கு உழவரின் கைத்தொண்டு

வத்தலகுண்டு வழியாகவோ பழனி வழியாகவோ மலையேறி, மே மாத மலர்க் கண்காட்சியின்போது கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவைப் பார்த்து வரும் விவசாயப் பெருமக்கள் நம் மாவட்டத்தில் பலர் உள்ளனர். பார்த்துவிட்டுத் திரும்பும்போது பிள்ளைகளுக்குக் காரட்டும் பேரிக்காயும், வீட்டு முற்றத்திற்கு ஒரு ரோஜாப் பதியனும் கையில் இருக்கும். பூங்காவிலிருந்து நாம் எடுத்து வருவது இப்படிப் பழகிப் போயிற்று. பூங்காவுக்கு நாம் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. உலகின் பழைய தாவரவியல் பூங்காக்கள் பலவற்றில் ஊதியம் பெறாத தொண்டர்கள் வாரம் ஒரு நாளோ மாதம் ஒரு நாளோ வந்து வேலை செய்து போகின்றனர். அத்தகைய தொண்டைத் திண்டுக்கல் பகுதி உழவர் எவ்வாறு செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

“எங்கள் வெங்காயக் காட்டில் களையெடுக்கவே ஆள் கிடைக்கவில்லை. பூங்காவில் போய்ச் சும்மா களையெடுக்கச் சொல்கிறீர்களா?” என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இதற்கான பதிலை விருப்பாட்சி வாழையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாகப் பயிரான மலை வாழையை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. தோல் தடித்து, நீர் குறைந்து, நாள்பட வைத்தாலும் கெடாத இப்பழமே பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உயிர். 1970-களில் முடிக்கொத்து நோய் இம்மலைகளில் பரவி, பெரும் பரப்பில் வாழையை அழித்தது. ஒரு காலத்தில் லாரி லாரியாக இறங்கிய பழம் அரிதாயிற்று. பின்னர் நோயற்ற தாய்மரங்களைத் தேர்ந்தெடுத்து, நச்சுயிரி இல்லை என்று சோதித்து, திசு வளர்ப்பு முறையில் கன்றுகளை உண்டாக்கித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலை விவசாயிகளுக்கு வழங்கியபோதே இந்த வாழை மீண்டும் தலையெடுத்தது. விருப்பாட்சி வாழையும் சிறுமலை வாழையும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-ஆம் ஆண்டில் அக்குறியீட்டைப் பெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கோ ஓரிடத்தில் நல்ல தாய்மரம் ஒன்று எஞ்சி நின்றதால்தான் மீட்சி கிடைத்தது. அது நிற்காமல் போயிருந்தால் எந்த ஆய்வுக்கூடமும் புதிதாக ஒரு விருப்பாட்சியைச் செய்து தந்திருக்க முடியாது. அப்படி ஒவ்வொரு செடியிலும் ஒன்றிரண்டையாவது பெயரோடும் ஊரோடும் காத்து வைக்கும் இடம்தான் தாவரவியல் பூங்கா. பூ பார்க்கும் இடம் என்பது அதன் வெளித்தோற்றம் மட்டுமே.

சந்தாப் பணத்தில் முளைத்த பூங்காக்கள்

அரசு தொடங்கி நடத்தும் இடமாகவே பூங்காவை இன்று நாம் பார்க்கிறோம். பழைய பூங்காக்களின் பிறப்பைப் பார்த்தால் கதை வேறு.

உதகமண்டலத்தில் 1840-களில் குடியிருந்த வெள்ளையர்கள், நியாயமான விலையில் காய்கறி கிடைக்கவில்லை என்று ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தனர். அது சரியாக நடக்கவில்லை. 1847-இல் சென்னை கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபுவின் ஆதரவில் கூட்டம் கூடி, நன்கொடையும் சந்தாவும் திரட்டிப் பொதுப் பூங்கா ஒன்று அமைக்க முடிவு செய்தனர். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கியூ பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். தொட்டபெட்டா மலைச் சரிவில், மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த நிலத்தைத் திருத்த அவருக்குச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. இன்று 55 ஏக்கரில் நாம் காணும் அரசு தாவரவியல் பூங்கா அதுவே.

சென்னையில் 1835-இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஏற்பட்டது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் இராபர்ட் வைட் என்ற மருத்துவர். இவரை நம் மாவட்டத்தார் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1836-ஆம் ஆண்டிலேயே பழனி மலையில் ஏறிச் செடிகளைச் சேகரித்தவர் இவர். பின்னர் 1842 முதல் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைகளை மேற்பார்த்தார். இவர் சேகரித்த செடிகளை ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மவர்கள் வண்ணத்தில் வரைந்தனர். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்திற்கே வைட் சூட்டினார். செடியைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள், உள்ளூர்ப் பெயரைச் சொன்னவர்கள், மூட்டை சுமந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சிங்கப்பூரில் நம் தமிழர்கள் காலையில் நடைபயிலும் தாவரவியல் பூங்காவும் 1859-இல் ஒரு சங்கம் தொடங்கியதுதான். சங்கம் கடனில் மூழ்கியதால் 1874-இல் அரசு ஏற்றது. 2015-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வருவோரை அழைத்துச் சென்று மரங்களைப் பற்றி விளக்குகிறவர்களில் ஊதியமில்லாத் தொண்டர்கள் உண்டு. பெங்களூர் லால்பாக், 1760-இல் ஹைதர் அலி தொடங்கியது. அங்கே குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் நடக்கும் மலர்க் கண்காட்சிகளை அரசுத் துறையோடு மைசூர்த் தோட்டக்கலைச் சங்கமும் சேர்ந்து நடத்துகிறது.

இவற்றிலிருந்து ஒன்று தெரிகிறது. சந்தாவை மட்டும் நம்பிய பூங்கா கடன்பட்டது. அரசை மட்டும் நம்பிய பூங்காவில் புல்வெளி வெட்டவும் பாத்தி நிரப்பவும் பணம் ஒதுக்கப்படும். எந்த மரம் எப்போது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கத்தான் ஆள் இருப்பதில்லை. பழைய தோட்டக்காரர் ஓய்வு பெற்றால் அவர் நினைவில் இருந்த விவரமும் அவரோடு வீட்டிற்குப் போய்விடுகிறது.

பிரையண்ட் பூங்காவை 1908-ஆம் ஆண்டு வன அதிகாரி பிரையண்ட் திட்டமிட்டு அமைத்தார். ஏரிக்குக் கிழக்கே சுமார் 20 ஏக்கர். இப்போது தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறையின் பொறுப்பில் உள்ளது. திண்டுக்கல்லிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருப்பதால், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

பூங்காக்கள் தந்ததும், தப்ப விட்டதும்

கல்கத்தா பூங்காவை 1787-இல் இராபர்ட் கிட் தொடங்கியபோது அவர் எழுப்பிய கோரிக்கை பஞ்சத்தைப் பற்றியது. பஞ்ச காலத்தில் உணவாகக் கூடிய சவ்வரிசிப் பனை, பேரீச்சை போன்றவற்றை வளர்த்து மக்களுக்குப் பரப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். ரப்பரின் கதை இன்னும் சுவையானது. 1876-இல் பிரேசிலிலிருந்து கியூ பூங்காவுக்கு வந்த சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. அங்குப் பூங்காத் தலைவராக 1888-இல் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டை நாள்தோறும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்காரர் என்றே பெயர் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று அதிகாலையில் பால் வெட்டும் தொழிலாளியின் கையிலுள்ள கத்தி அவர் வழியில்தான் ஓடுகிறது.

உதகையில் மெக்ஐவர் சின்கோனாவை வளர்த்தார். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் இம்மரத்தின் பட்டையில் உள்ளது. பட்டை வேண்டுமென்றால் மரத்தை வெட்ட வேண்டும் என்பதே அக்கால வழக்கம். அவர் பட்டையை நீள நீளமாக ஒன்றுவிட்டு ஒன்றாக உரித்து, உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. அதில் குயினைன் முன்னைவிடக் கூடுதலாகவும் இருந்தது. பட்டை உரிந்த மா மரத்திற்குச் சாணமும் செம்மண்ணும் பூசும் நம் விவசாயி இதைப் படித்தால் புன்னகை செய்வார் என்று நினைக்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் கரடுகளிலும் சிறுமலைச் சரிவுகளிலும் ஆடு மேயவும் விடாமல் அடைத்துக் கிடக்கும் உண்ணிச்செடி, 1809-ஆம் ஆண்டு வாக்கில் அழகுச் செடியாகக் கல்கத்தா பூங்காவுக்கு வந்தது. குளத்தை மூடும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகவே வங்காளத்தில் நுழைந்தது. பூங்கா சுவரைத் தாண்டிய செடிக்குச் சுவர் கிடையாது. ஆகவே பூங்காவில் செய்யும் தொண்டு நடுவதில் மட்டும் இல்லை, தப்பியதைப் பிடுங்குவதிலும் உண்டு. பழனி மலையில் 1985 முதல் பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் நாற்றங்கால்கள் வைத்து வருகிறது. வட்டக்கானலில் 1980-களில் வந்து தங்கிய ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பல்கார் என்ற இரு வெள்ளையர்கள் உள்ளூர் இளைஞர்களோடு சோலைக்காட்டு மரக்கன்றுகளை வளர்த்து, பாம்பாறு சோலையில் அயல் செடிகளை அகற்றி நட்டனர். சோலை மர விதை எந்த மாதத்தில் விழும், எப்படி முளைக்கும் என்று அவர்கள் கற்றதெல்லாம் செய்து பார்த்தே.

உழவர் செய்யத்தக்க பணிகள்

நகரத்திலிருந்து வரும் தொண்டருக்குக் களைக்கொத்தியைப் பிடிப்பது எப்படி என்று முதலில் சொல்லித்தர வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் அனுபவத்தை எந்த வேலைக்குப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

முதலாவது, மரத்தடி மண். கியூ பூங்காவில் 1798-இல் நட்ட டர்னர் ஓக் என்ற மரம் நலிந்து, பட்டுப்போகும் நிலையில் இருந்தது. 1987 அக்டோபரில் அடித்த புயல் அப்பூங்காவில் சுமார் 700 மரங்களைச் சாய்த்தது. அப்புயல் இந்த ஓக் மரத்தை வேரோடு சற்றே தூக்கி மறுபடி அதே இடத்தில் உட்கார வைத்தது. வெட்டுவதற்கு நேரமின்றி அதை விட்டுவைத்தனர். மூன்று ஆண்டுகளில் அம்மரம் முன்பு எப்போதும் இல்லாதபடி தழைத்தது. காரணம் என்னவென்றால், இலட்சக்கணக்கான பார்வையாளர்கள் மிதித்து மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் இருந்திருக்கிறது. புயல் அந்த மண்ணை உடைத்துக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு அங்கு முதிய மரங்களின் வேர்ப்பகுதியில் அழுத்தக் காற்றைச் செலுத்தி மண்ணை இளக்குகின்றனர்.

மே மாதத்தில் பிரையண்ட் பூங்காவுக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் அழுத்தக் காற்றுக் கருவி தேவையில்லை. கூட்டம் குறைந்த மாதங்களில், அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் விட்டு, வேர் அறுபடாமல் முள்கொத்தால் இலேசாகக் குத்தி இளக்கலாம். அதன்மேல் மக்கிய இலையை 5 முதல் 8 செ.மீ. கனத்திற்குப் பரப்ப வேண்டும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது. ஒரு சாண் இடைவெளி அவசியம், இல்லாவிடில் பட்டை அழுகும். கனத்த டிராக்டர் ஓடி இறுகிய தென்னந்தோப்பு உங்களுக்கு இருந்தால், இதே பாடத்தை அங்கும் பார்த்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, உண்ணிச்செடி போன்றவற்றை அகற்றுதல். மேலே வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டு சொன்ன முறை எளியது. தண்டும் வேரும் சேரும் இடத்திற்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு புதரைத் தூக்கித் தலைகீழாக வைத்துவிட வேண்டும். துளிர்க்கும் பகுதி மண்ணில் இல்லாததால் மறுபடி வராது. காய் பழுக்குமுன் செய்வது நலம்; பழுத்துவிட்டால் பறவைகள் விதையைத் தூரத்திற்குக் கொண்டுபோகும். அடுத்த இரண்டு மழைக் காலங்களில் முளைத்து வரும் நாற்றுகளைக் கையால் பிடுங்கியே ஆக வேண்டும். இங்கேதான் ஒரு நாள் வந்து படம் எடுத்துப் போகிற தொண்டுக்கும், மூன்று ஆண்டு வந்து போகிற தொண்டுக்கும் வேறுபாடு தெரியும்.

மூன்றாவது, பெயர்ப்பலகை. பெயர் இல்லாத மரம் பூங்காவில் நின்றாலும் விறகுக்குச் சமம். பலகையை மரத்தில் ஆணியடித்து மாட்டக் கூடாது. கம்பியால் இறுக்கிக் கட்டுவதும் தவறு. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்து சாற்றோட்டத்தை நெரிக்கும். தரையில் முளையடித்துப் பலகை நிறுத்துவதே நல்லது. தாவரவியல் பெயரைப் பூங்கா அதிகாரி கொடுப்பார். உள்ளூர்ப் பெயரைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். ஒரே செடிக்கு நத்தத்தில் ஒரு பெயரும் ஒட்டன்சத்திரத்தில் ஒரு பெயரும் இருக்கும். இரண்டையும் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எது சரி என்று வாதிட வேண்டாம்.

நான்காவது பணி புயல், பெருமழைக்குப் பிந்தையது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைக் கடந்தபோது கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2020-இல் உம்பன் புயலில் கல்கத்தா பூங்காவின் புகழ்பெற்ற பெரிய ஆலமரம் பல விழுதுகளை இழந்தது. அந்த மரத்தின் நடு அடிமரத்தைப் பூஞ்சணம் தாக்கியதால் 1925-இலேயே வெட்டி எடுத்துவிட்டனர். விழுதுகளின் பலத்தில்தான் அது நிற்கிறது. இத்தகைய வேளையில் விழுந்த கிளையை அப்புறப்படுத்த எல்லாரும் வருவர். எந்த மரம் விழுந்தது, அதன் கொம்பு அல்லது விதை எங்கே காப்பாற்றப்பட்டது என்று குறிப்பவர் அதனினும் தேவை. மின்வாள் கொண்டு மரம் அறுக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

கொண்டுபோகக் கூடாதவை

நல்லெண்ணமே தீமையாக முடியக் கூடிய இடம் இது. எனவே சற்று விரிவாகக் கூறுகிறேன்.

“என் தோட்டத்தில் அருமையான நாட்டு வாழை ஒன்று இருக்கிறது, பூங்காவில் வைக்கட்டும்” என்று பக்கக்கன்றைத் தோண்டி எடுத்துக் கொண்டு பேருந்து ஏறுவது தவறு. முடிக்கொத்து நோயின் நச்சுயிரி இரண்டு வழிகளில்தான் பரவுகிறது. ஒன்று, வாழை அசுவினி. மற்றொன்று, நோயுள்ள கன்று. அசுவினி அருகிலுள்ள மரங்களுக்குப் பரப்பும். மலையிலிருந்து மலைக்கும் மாவட்டத்திலிருந்து மாவட்டத்திற்கும் தாண்ட வைத்தவை நாம் அன்பாகக் கொடுத்த கன்றுகளே. நோய் தொற்றிய கன்று சில வாரங்கள் வரை நல்ல கன்று போலவே இருக்கும். பின்னர் இலைக்காம்பிலும் நரம்பிலும் தந்திப் புள்ளிகளும் கோடுகளும் போலக் கரும்பச்சை வரிகள் தோன்றும். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். குலை தள்ளாது. அப்படி ஒரு மரத்தை எங்குக் கண்டாலும் அசுவினியை முதலில் கட்டுப்படுத்திவிட்டு, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அசுவினியைக் கவனிக்காமல் வெட்டினால் அது அடுத்த மரத்திற்குப் போய்ச் சேரும்.

கன்றில் மட்டுமல்ல, மண்ணிலும் ஆபத்து உண்டு. வாழை வாடல் நோயின் பூஞ்சணம் செருப்பிலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்யும். பூங்காவுக்குள் நுழையுமுன் கருவிகளையும் செருப்பையும் மண் போகத் தேய்த்துக் கழுவி, சலவைத் திரவம் ஒரு பங்கிற்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் நனைத்துக் கொள்ளுங்கள். வெளியேறும்போதும் இதையே செய்யுங்கள். பூங்காவில் இருக்கும் நோயை உங்கள் தோட்டத்திற்குக் கொண்டுவரும் உரிமையும் உங்களுக்கு இல்லையல்லவா? 2008-இல் கோயமுத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும், 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் கண்ட சுருள் வெள்ளை ஈயும் எவ்வளவு விரைவில் நம்மிடம் வந்தன என்பதை நினைவில் கொள்ளவும். பப்பாளி மாவுப்பூச்சியை 2010-இல் அயல்நாட்டு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து அடக்கினோம். ஒவ்வொரு பூச்சிக்கும் அத்தகைய அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

ஆகவே கன்று, கொம்பு, மண் கட்டியோடு செடி ஆகியவற்றை, பூங்கா அதிகாரி எழுத்தில் கேட்டால் ஒழியக் கொண்டுபோக வேண்டாம். அரிய வாழை இரகம் உங்களிடம் இருந்தால், அது எந்த இடத்தில் எத்தனை மரம் என்று எழுதித் தடியன்குடிசையிலுள்ள பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திற்குத் தெரிவிப்பதே சரியான வழி. அவர்கள் வந்து பார்த்து, சோதித்து எடுப்பர்.

விதையாகக் கொடுக்கலாம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அவரை, கத்தரி, சுரை, பீர்க்கு, சோளம் முதலியவற்றின் விதையை நன்கு முற்றவிட்டு, நிழலில் உலர்த்தி, பாலிதீன் பையைத் தவிர்த்துத் தாள் உறையில் வைக்கலாம். நாவல், மா, பலா ஆகியவற்றின் விதையை உலர்த்தினால் உயிர் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் விதைத்தாக வேண்டும். வேப்ப விதையும் சில வாரங்களே தாங்கும். இவ்வகை விதைகளைக் கொடுப்பதாயின் முன்கூட்டியே சொல்லி, நாற்றங்காலில் பாத்தி தயாரானபின் எடுத்துச் செல்லவும். வண்டு துளைத்த விதை ஒன்று இருந்தாலும் மொத்த உறையையும் ஒதுக்கிவிடுங்கள்.

குழு அமைத்துச் செல்லுதல்

தனியாகப் போய் நின்று “வேலை கொடுங்கள்” என்றால் எந்தப் பூங்காவிலும் உடனே வேலை கிடைக்காது. உங்கள் ஊர் உழவர் ஆர்வலர் குழுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் வழியாகப் பூங்கா அலுவலகத்திற்கு எழுதிக் கேளுங்கள். எந்த மாதம், எத்தனை பேர், எந்த வேலை என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். உங்களுக்குச் சரியென்று தோன்றினாலும் அவர்கள் குறிக்காத செடியில் கை வைக்கக் கூடாது. களை போலத் தெரிவது அவர்கள் தேடி வைத்த செடியாக இருக்கக் கூடும். கண்காட்சிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அங்கு எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை. அப்போது போய்ப் பயனில்லை. உங்களுக்கு விதைப்பும் அறுவடையும் நெருக்காத நாட்களில், மூன்று மாதத்திற்கு ஒரு முறை என்றாலும் தவறாமல் போவதே பயன் தரும். பெண்களை அவசியம் சேர்த்துக் கொள்ளுங்கள். வீட்டில் விதை காப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பூங்காவில் கூலிக்கு வேலை செய்யும் தோட்டத் தொழிலாளிகள் இருக்கின்றனர். இலவசமாகச் செய்ய ஆள் இருக்கிறது என்று அவர்கள் வேலை நாளைக் குறைப்பதற்கு நம் தொண்டு காரணமாகக் கூடாது. அன்றாடக் களையெடுப்பு, நீர் பாய்ச்சுதல், புல் வெட்டுதல் ஆகியவை அவர்களுடையவை. பெயர் எழுதுதல், விதை சேர்த்தல், அயல் செடிகளை அகற்றுதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குதல் என்று எஞ்சி நிற்கும் வேலைகளை நாம் எடுத்துக் கொள்ளலாம். முதலில் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில். உங்கள் வெங்காயக் காட்டுக் களை அங்கே உங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

மலையேற முடியாதவர்கள் கோயில் நந்தவனத்தில் இதைத் தொடங்கலாம். தலவிருட்சம் முதுமையடைந்து நிற்கும் கோயில்கள் நம் சமவெளியில் உள்ளன. அதன் விதையிலிருந்தோ பதியனிலிருந்தோ ஒரு கன்றை அறநிலையத் துறை அனுமதியோடு வளர்த்து வைப்பது பெரிய வேலை அல்ல.

விதை கொடுப்பவர் ஒவ்வொரு உறையிலும் ஒரு தாளை உள்ளே போட்டு, அதே விவரத்தைப் பென்சிலால் உறைமேலும் எழுதவும். மை ஈரத்தில் கலைந்துவிடும். பயிரின் உள்ளூர்ப் பெயர், ஊர், வட்டம், விதை எடுத்த தேதி, மானாவாரியா இறவையா, மண் செம்மண்ணா கரிசலா, எத்தனை ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறது, யாரிடமிருந்து வந்தது, எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்ற ஒன்பது விவரங்கள் போதும். “பாட்டி கொண்டுவந்தது” என்று மட்டுமே தெரிந்தால் அதையே எழுதுங்கள். பாட்டி பிறந்த ஊர் தெரிந்தால் அதையும் சேருங்கள். உறைக்கு 50 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். கத்தரி, தக்காளி போன்ற சிறு விதையாயின் 5 கிராம் போதும். அதே விதையில் பாதியை உங்கள் வீட்டுப் பானையிலும் வைத்துக் கொள்ளுங்கள்.